குஞ்சுக் கோழியையும் நோயாளியாகப் பார்க்கிற புக்கிட் மெர்தாஜாம் கிளினிக்

வீட்டில் கோழி வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூனைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கப் பினாங்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோழியை, அதுவும் இரண்டு மூன்று மாதக் குஞ்சை, மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் கிடைப்பதுதான் அபூர்வம். பார்த்துவிட்டு, பிழைக்காது என்றால் பிழைக்காது என்று நேராகச் சொல்லி, அந்த உயிர் அலைக்கழியாமல் அடங்கும்படி செய்து அனுப்புகிறவர் அதைவிட அபூர்வம். புக்கிட் மெர்தாஜாமில் கடைவரிசை ஒன்றின் கடைசியில் இருக்கிற சின்னக் கிளினிக்கில் எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரே கேட்டுக்கொண்டார்; அங்கே பறவை பார்ப்பது அவர் ஒருவர்தான், கூட்டம் சேர்ந்தால் தாங்காது. தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், வழி சொல்கிறேன்.

எங்கள் வீடு சிம்பாங் அம்பாட் பக்கம். எனக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. வீட்டுக்குப் பின்னால் மாமனார் விட்டுப்போன கொஞ்ச நிலத்தில் கம்பத்துக் கோழி வளர்க்கிறோம். முட்டை வீட்டுக்கு ஆகும், விருந்தாளி வந்தால் குழம்புக்கு ஆகும், முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட ஒரு சேவல் எப்போதும் இருக்கும். ஆகவே கோழி சாவது எனக்குப் புதிதில்லை. அறுக்கவும் தெரியும், உரிக்கவும் தெரியும். ஆனால் குழம்புக்கு அறுக்கிற கோழி விஷயத்தில் முடிவு முதல் நாளே எடுத்தாகிவிடும். நோயில் விழுந்த குஞ்சு அப்படி இல்லை. காலையில் தண்ணீர் வைத்தால் அலகை நனைக்கும். ‘குடிக்குதே, நாளைக்குப் பார்ப்போம்’ என்று மனசு சொல்லும். மறுநாள் இரண்டு அரிசி பொறுக்கும். மறுபடியும் ‘நாளைக்குப் பார்ப்போம்’. இடையில் மற்றக் கோழிகள் அதை மிதிக்கும், வாலைக் கொத்தும், எறும்பு ஏறும். அந்த ‘நாளைக்கு’ என்ற வார்த்தையிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது இந்தக் கிளினிக். எனக்கு இதில் பெரிய விஷயம் அதுதான்.

சந்தையில் வாங்கி வளர்த்த ஒரு கூட்டுக் குஞ்சுகளில் வந்தது இந்த நோய். நன்றாக இறகு கட்டி, வெடை எது, சேவல் எது என்று தெரிய ஆரம்பித்த வயது. ஒரு வெடை நொண்ட ஆரம்பித்தது. சுளுக்கு என்று தனியாக வைத்தோம். பிறகு ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு தரையோடு கிடந்தது. கண் தெளிவாக இருந்தது. நாம் பக்கத்தில் போனால் எழப் பார்க்கும், முடியாமல் இறக்கையை அடிக்கும். அடுத்து ஒரு சேவல் குஞ்சுக்கும் அதேபோல். பினாங்குத் தீவில் நல்ல பெயர் எடுத்த கிளினிக் ஒன்றுக்கு போன் செய்தேன். ‘கோழி பார்க்கறதில்லைங்க, சந்தையில வேற வாங்கிக்கலாமே’ என்றார் கௌண்டரில் இருந்தவர். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நான் என்ன செய்வது? கூட்டுக்குள் ஒன்று எழ முடியாமல் கிடக்கிறதே.

புக்கிட் மெர்தாஜாமில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே வேறு மாதிரி இருந்தது. “விரல் மடங்கியிருக்கா அக்கா, இல்ல விரல் நேரா இருந்து கால்தான் வரலையா?” காரணத்தையும் சொன்னார். விரல்கள் உள்ளே சுருண்டு, குஞ்சு கணுக்காலில் நடந்தால் அது பெரும்பாலும் வைட்டமின் பி2 குறைபாடு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் எழுந்துவிடும். கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, கூட்டத்தில் பலதும் ஒன்றாகச் சாய்ந்தால் சம்பார் நோய், ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்பார்களே அது. மலத்தில் இரத்தம் வந்தால் ரத்தக் கழிச்சல். அதற்கு மருந்து இருக்கிறது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்றால் அவர் மனசில் முதலில் வருவது மாரெக்ஸ். 1907ல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் கால் விளங்காத நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரில்தான் நோய் நிற்கிறது. ஹெர்பீஸ் வகைக் கிருமி. நரம்பில் புகுந்து தடிக்க வைக்கும், உள்ளே கட்டிகளும் கிளப்பும். வந்த பிறகு மருந்து கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் உடனே ஊசியை எடுக்கவில்லை. வெடையை எடை போட்டார். மார்பெலும்பின் இரண்டு பக்கமும் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். சதையே இல்லை, எலும்பு விளிம்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. வயிற்றடியில் இறகை விலக்கிக் காட்டினார். மலத்திலேயே கிடந்து தோல் சிவந்து வெந்திருந்தது. வீட்டில் தினமும் தூக்கியும் இந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்திருக்க மாட்டோம். “தானா சாப்பிடுதா, தானா தண்ணிகிட்ட போகுதா, தானா நிக்குதா, மத்தது கொத்தாம விடுதா. இதுல ரெண்டு போச்சுன்னா நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன் அக்கா. இதுக்கு நாலும் போச்சு.” எனக்கு வேண்டியிருந்தது இந்தக் கணக்குதான். இரக்கப்பட்டு ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

என்னைப் பயமுறுத்தவும் இல்லை. கூட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் கேட்டபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இந்தக் கிருமி இறகுத் தூசியில் பறக்கும், கூட்டுத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒன்று விழுந்து நமக்குத் தெரிவதற்குள் மற்றதெல்லாம் அந்தக் காற்றை மூச்சில் இழுத்தாகிவிட்டது. மூச்சிழுத்ததெல்லாம் விழாது, பல நன்றாகவே வாழும். “இதை நான் முடிச்சு வைக்கிறது மத்ததைக் காப்பாத்த இல்ல. இதுக்காகத்தான்.” அதற்குப் பிறகுதான் எனக்குச் சம்மதம் சொல்ல மனசு வந்தது. மற்றவற்றுக்காக இதைக் கொல்கிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்றுவரை எனக்கு உறுத்திக்கொண்டிருக்கும். மீதிக் கோழிகளை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்பது மட்டும் அவர் கண்டிப்பு. மனுசர்களுக்கு இது தொற்றாது என்பதையும் கேட்டுக்கொண்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு.

வெடை விஷயம் முடிவானது. சேவல் குஞ்சு விஷயத்தில் சிக்கல். அது அத்தை கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. என் சின்ன மகன் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டது. கூடவே வந்திருந்த அத்தை, “சாமிக்கு விட்டதை ஊசி போட்டுக் கொல்லுவீங்களா?” என்று எழுந்து நின்றுவிட்டார். வெளியே பூனைப் பெட்டிகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். வேறு இடமாக இருந்தால் ஒரு பெருமூச்சாவது வந்திருக்கும். டாக்டர் குரலை உயர்த்தவில்லை, பாடமும் எடுக்கவில்லை. “பாட்டி, நீங்க பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இதுக்கு நீர் ஏத்தி வெதுவெதுப்பா வச்சிருக்கேன், கஷ்டப்படாது” என்று பின்னறைக்கு எடுத்துப்போனார். அத்தை பூசாரிக்குப் போன் போட்டார். சீக்குப் பட்டதைச் சாமி ஏற்காது, மனசுல நினைச்சு மன்னிப்புக் கேட்டு வேற ஒன்னை விடுங்க என்று பூசாரி சொன்னாராம். அத்தை கைப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, குஞ்சின் கொண்டையில் தொட்டு வைத்தார். உதட்டுக்குள்ளே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை கையை எடுக்கும்வரை நின்றார். எங்கள் மக்கள் நேர்த்திக்கடனை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்த டாக்டர் கிடைத்ததே பெரிய விஷயம். அவர் செர்டாங் யூபிஎம் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தோட்டத்துப் பெண்.

எப்படிச் செய்கிறார் என்பதையும் எழுதிவிடுகிறேன். தெரியாததால்தான் பலரும் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். கூட இருக்கலாமா என்று கேட்டேன், இருக்கலாம் என்றார். துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, விளக்கைக் கொஞ்சம் குறைத்து, சின்னப் பிளாஸ்டிக் முகமூடியை அலகு உள்ளே போகிறபடி வைத்தார். அதில் ஐசோஃப்ளூரேன் வருகிறது, அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கிற அதே மயக்க வாயு. நீளமாக இழுக்கவில்லை, கழுத்து தளர்ந்து தலை துண்டின்மேல் சாய்ந்தது. உடனே ஊசி போடவில்லை. விரலைக் கிள்ளிப் பார்த்தார், கண்ணோரத்தைத் தொட்டுப் பார்த்தார், எந்த அசைவும் இல்லை என்று உறுதியான பிறகே இறக்கை நரம்பில் மருந்து ஏற்றினார். உடம்பு ஒரு முறை வெட்டி இழுக்கலாம், அது நரம்பு, குஞ்சுக்கு அதில் எதுவும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அது வந்தபோது நான் பதறவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். நான் போதும் என்று நினைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெடையை வெட்டிப் பார்க்க அனுமதி கேட்டார், கொடுத்தேன். தொடைச் சதையை விலக்கி இரண்டு கால் நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். நல்ல பக்கத்து நரம்பு தூண்டில் நூல் கனத்தில், வெள்ளையாக, குறுக்கே மெல்லிய கோடு கோடாக இருந்தது. மற்றது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தடித்து, மஞ்சள் பாய்ந்து, கோடே இல்லாமல் மழமழவென்று இருந்தது. அந்தக் கால் ஏன் வரவில்லை என்பதற்கு அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுளுக்கு என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் அது எழுந்திருக்காது.

ராத்திரி நேரத்தில் முசாங் (மரநாய்) கடித்துக் குதறிப் போட்டால், நாய் பிடித்துவிட்டால், டாக்டரிடம் ஓட முடியாது. அதனால் கையால் கழுத்தெலும்பை விலக்கி உயிரை முடிக்கிற முறையையும் சொல்லித்தந்தார். உயிருள்ளதன்மேல் பழகக் கூடாது என்பது அவர் விதி. இறந்துபோன குஞ்சை வைத்தே காட்டினார், என்னையும் செய்ய வைத்தார். தலையை ஒட்டிய இடத்தில், தயங்காமல், ஒரே அசைவில் முடிய வேண்டும். எலும்பு விலகிய இடைவெளி விரலுக்குத் தெரிய வேண்டும். மூச்சும் கண் அசைவும் நின்றதைப் பார்த்த பிறகே கையிலிருந்து வைக்க வேண்டும். சுழற்றுவது, சுவரில் அடிப்பது எல்லாம் கூடவே கூடாது. பெரிய சேவலுக்கு இது வேண்டாம். ஐரோப்பாவில் கையால் செய்வதற்கு 3 கிலோவரைதான் சட்டமே அனுமதிக்கிறது என்றார்.

ஊரில் நடக்கிற வேறு சில முறைகளையும் கேட்டேன். வாளித் தண்ணீரில் அமுக்குவது, உயிரோடு ஃபிரீசரில் வைப்பது, பிளாஸ்டிக் பையில் கட்டுவது மூன்றுக்கும் அவர் முகம் சுருங்கிவிட்டது. வினிகரையும் சோடா உப்பையும் கலந்து டப்பாவில் வாயு பிடிப்பதாக யூடியூபில் காட்டுகிறார்களே, அது? அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியில் கரியமில வாயுவுக்கு இடம் உண்டு, ஆனால் அளவு கட்டுப்படுத்திய சிலிண்டரிலிருந்து வர வேண்டும். அதிலும் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுக்கு அது கடினம். முட்டைக்குள்ளேயே அந்த வாயுவுக்குப் பழகி வந்த உயிர் என்பதால் 80 முதல் 90 விழுக்காடு வரை தேவைப்படலாம். வீட்டு டப்பாவில் அந்த அளவு நிற்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதி அளவில் திணறிக்கொண்டு கிடக்கும். நம் மலேசியாவின் விலங்குநலச் சட்டம் 2015ல் போட்டு 2017ல் நடைமுறைக்கு வந்தது; வதைத்தால் 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சட்டத்துக்குப் பயந்து என்று இல்லை, தெரிந்திருக்கட்டும்.

உடலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி போட்டு முடித்ததைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லவே வேண்டாம். நாய்க்குப் போடவோ, செம்பனைக் காட்டில் வீசவோ கூடாது. தின்கிற உடும்பும் நாயும் அதே மருந்தில் விழும். கிளினிக்கே எரிக்க அனுப்புகிறது, அதற்குத் தனிக் கட்டணம். இன்னொன்று: கூட்டத்தில் பலது திடீரென்று செத்துக் கிடந்தால் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவராதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குப் போன் செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சல் 2004ல் கிளந்தானில் வந்தது, 2006ல் நம் பினாங்குவரை வந்தது. மேசைமேல் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை அது.

காசு எவ்வளவு என்று எல்லாரும் கேட்பீர்கள். பார்ப்பதற்கு 45 வெள்ளி, ஒரு குஞ்சுக்கு மயக்கமும் ஊசியுமாக 40, எரிக்க அனுப்ப 15. வெட்டிப் பார்த்ததற்கு என்னிடம் வாங்கவில்லை. சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற குஞ்சுக்கா இவ்வளவு என்று வீட்டுக்காரரின் அண்ணன் கேட்டார். குஞ்சின் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் யாருமே எந்தக் குஞ்சையும் டாக்டரிடம் தூக்கிப்போக மாட்டார்கள். நான் கூட்டுக்குள் கொண்டுவந்த உயிர். தீனி போட்டது நான். அது விழுந்த பிறகு ஆகிற செலவும் அந்தக் கணக்கில்தான் சேரும். இது என் முடிவு, வேறு மாதிரி நினைக்கிறவர்களோடு சண்டையில்லை.

குறைகளும் இருக்கின்றன. விலைப்பட்டியல் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்த நேரத்தில் காசு கேட்பது யாருக்கும் சங்கடம், சுவரில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கோழியையும் பூனையையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். குஞ்சு பயத்தில் பெட்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. காரிலேயே காத்திருக்கச் சொல்லி, முறை வரும்போது கூப்பிட்டால் போதும். வாசலில் கிருமிநாசினித் தட்டு வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் நான் போனபோது அது காய்ந்து கிடந்தது. கோழி வளர்க்கிறவர்கள் ஒரு கூட்டுத் தூசியை இன்னொரு கூட்டுக்குக் காலணியில் சுமக்கிறவர்கள். அந்தத் தட்டு நனைந்தே இருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னேன், தாதியைக் கூப்பிட்டு உடனே ஊற்றச் சொன்னார். போன் எடுப்பதும் மெதுவாகத்தான். வாட்சாப்பில் படம் அனுப்பினால் பதில் சீக்கிரம் வருகிறது. குஞ்சு கிடக்கிற நிலையைப் பக்கவாட்டில் ஒரு படம், மலத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

மாரெக்ஸ் தடுப்பூசியைப் பற்றித் தெரிந்துகொண்டதும் இங்கேதான். குஞ்சு பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும். வளர்ந்த பிறகு போட்டுப் பெரிய பயனில்லை. கிருமி உடம்புக்குள் வருவதை அது தடுக்காது, கட்டியும் முடக்கமும் வராமல் காக்கும். பெரிய பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கம்பத்துக் கோழிக்கு அது எட்டுவதில்லை, ஏனென்றால் ஒரு குப்பி வழக்கமாக 1,000 குஞ்சுக்கானது, கரைத்த பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கிற நாம் எப்படி வாங்குவது? அதற்கு டாக்டர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் அடைவைக்கிறவர்கள் நாளைப் பேசி ஒன்றாக வைத்தால், பொரிக்கிற நாளில் ஒரே குப்பியை உடைத்து எல்லாருடைய குஞ்சுக்கும் போட்டுத்தருகிறார். இந்த ஒரு சேவைக்காகவே நான் இவரை எல்லாருக்கும் சொல்வேன். நாளை மட்டும் கடைசி நேரத்தில் அறிவிக்காமல் மூன்று வாரம் முந்தியே சொன்னால், அடைக்கு உட்கார்த்தி வைக்கத் தோதாக இருக்கும். முட்டை பொரிய 21 நாள் ஆகிறதே.

பறவை பார்க்கிற நேரம் செவ்வாய், வியாழன் மாலை. சனிக்கிழமை கூட்டம் அதிகம், தவிர்ப்பது நல்லது. கொண்டுபோகும்போது காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு. செய்தித்தாள் வேண்டாம், கால் விளங்காத குஞ்சு வழுக்கும். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எங்கே வாங்கியது, கூட்டில் மொத்தம் எத்தனை, எத்தனை விழுந்தது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். முதலில் கேட்பது அவைதான். பெரியவர்கள் யாராவது நேர்ந்துவிட்ட கோழி என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் நேரம் ஒதுக்கி வைப்பார்.